மணிக்கு முன் ஒரு தேநீர்

அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால், இருவரும் போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் மனைவி இதை அசட்டுத்தனம் என்பாள். நான் பண்பு என்பேன். வீட்டில் ஓட்டு அவளுக்குத்தான் அதிகம்.

முதியோர் இல்லத்துக் கம்ப்யூட்டரிலும் அந்த முட்டல்தான். காலையில் அணைத்துப் போட்டதும் வருகைப் பதிவு, மருந்துக் கணக்கு, அறைகளின் அழைப்பு மணி எல்லாம் ஒன்றாகத் திறக்கப் பார்த்து உறைந்துபோகும். அதைப் பராமரிப்பவன் நான். அவற்றைத் திறக்கும் கட்டளைகள் எழுதிய பேட்ச் ஃபைலில், ஒவ்வொன்றுக்கும் நடுவே சற்றுப் பொறுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். முதலில் ஒரு பிரார்த்தனைப் படம். கடவுளை வரிசையில் பின்னால் நிறுத்த முடியாதல்லவா. மணி கடைசி.

நர்ஸ் அக்காவுக்கு ஒரே மகிழ்ச்சி. “தம்பி, உங்க புண்ணியத்துல இன்னைக்குத்தான் டீயைச் சூடா குடிச்சேன். ஒரு மணிகூட அடிக்கல பாருங்க, எல்லாரும் நல்லாத் தூங்குறாங்க.”

மணி திறக்கும்வரை யார் பொத்தானை அழுத்தினாலும் கேட்காது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது அற்பம். அந்தச் சிரிப்புக்காக இடைவெளிகளை இன்னும் நீட்டினேன். ஒரு டீ குடிப்பதற்குள் என்ன ஆகிவிடும்?

ஒரு நாள் காலை உணவுக்குப் பிறகு மின்சாரம் போய் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடியும் பிரார்த்தனையிலிருந்து தொடங்கியது. கோடி அறையில் கேரம் தாத்தாவுக்கு மூச்சு முட்டியது. கள்ளாட்டத்தில் பிடிபட்டால் இருமி நடிப்பவர் அவர். அன்று நடிக்கவில்லை. மணி ஒருவழியாக ஒலித்தபோது, பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது அவரல்ல. அவர் கையின் பாரம்.

“மணி அடிச்சும் போகலையாம்மா?” என்றார் மேலாளர் அக்காவிடம்.

“அடிக்கவே இல்லைங்க. தம்பியைக் கேளுங்க.”

“மணி நல்லாத்தான் இருக்கு சார்,” என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. மணி நன்றாகத்தான் இருந்தது.

அக்காவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவருடைய பெட்டியை வாசல்வரை நான்தான் தூக்கிவந்தேன். கதவையும் பிடித்துக்கொண்டேன். அவர் நன்றி சொல்லவில்லை, வருத்தத்தில் மறந்திருப்பார்.

புது நர்ஸ் சின்னப் பெண். பாவம், ஓடிக்கொண்டே இருக்கிறாள். நேற்று இடைவெளியை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவளும் டீயைச் சூடாகக் குடிக்கட்டும்.