எங்கள் பெரியக்கா எங்கே இருக்கப் போகிறார்?

பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் காப்பகத்தைத் தலைவியாய் இருந்து தாங்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பெரியக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

தொலைத்தவர் துயர் துடைத்த தூயவரே! மறந்தவர் மனம் மலர வைத்த மாண்புடையவரே! கைவிடப்பட்ட குடைக்கும் குழந்தையின் ஒற்றைக் காலணிக்கும் ஒரே கரிசனம் காட்டிய கண்ணியவதியே! குரலை உயர்த்தாமலே எங்கள் குறும்பையெல்லாம் அடக்கிய கோமகளே! வணக்கம்.

இந்த மடலைத் தாங்கள் முழுவதும் உட்கார்ந்தே கேட்க வேண்டும் என்பது எங்கள் முதல் வேண்டுகோள். நடுவில் எழுந்து வந்து பிழை திருத்தக் கூடாது. இந்த அலுவலகத்தை விட்டு வெளியே போன எந்தத் தாளும் தங்கள் சிவப்புப் பேனாவிடம் தப்பியதில்லை. இது ஒன்றுதான் எப்படியோ தப்பி வந்திருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்தருள்க. விஷயத்தில் பிழை இல்லை என்று தங்கள் கணவரும் எங்கள் எல்லோருக்கும் மாமாவுமாகிய கணக்கு வாத்தியாரே படித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

பொறுமையின் பேருருவே! நிலையத்தின் கீழ்த்தளத்தில், பார்சல் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, சன்னலே இல்லாத அந்த நீள அறையைத் தாங்கள் அலுவலகமாக்கினீர்கள். நனைந்து வந்த குடைகளை விரித்துக் காயவைத்த பிறகே அலமாரியில் ஏற்றச் சொன்னீர்கள். சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவித்தான் வைக்க வேண்டும் என்றீர்கள். நாங்கள் முகம் சுளித்தபோது, தாங்களே கழுவிக் காட்டி எங்கள் மூக்கை அறுத்தீர்கள். பல்செட்டும் ஊன்றுகோலும் வந்தபோது, இவற்றை விட்டுவிட்டு மனிதர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று நாங்கள் சிரித்தோம். தாங்கள் மட்டும், அவர் போய்ச் சேர்ந்தாரா என்று கவலைப்பட்டீர்கள்.

தொலைந்த கைப்பேசி எது வந்தாலும் அதற்கு உடனே சார்ஜ் ஏற்றி மேசைமேல் வைத்தது தாங்கள் கொண்டுவந்த வழக்கம். திரையில் 'அம்மா' என்று பெயர் ஒளிர்ந்து மணி அடித்தால், எடுத்தவுடன் தாங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். "பையன் நல்லாத்தான் இருக்கான்மா, போன்தான் எங்ககிட்ட இருக்கு." அதற்குப் பிறகே ஊர், பெயர், விலாசம் எல்லாம்.

நடுநிலை தவறா நங்கையே! ஒரே பைக்கு இருவர் உரிமை கொண்டாடி வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தாங்கள் வகுத்த முறைதான் இன்று மற்ற நிலையங்களிலும் நடைமுறையில் இருக்கிறது. அறையின் இரு கோடியிலும் ஒவ்வொரு மேசை. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாதபடி நடுவில் அந்தக் கடகடக்கும் மின்விசிறி. பை யாருடையது என்று கேட்கவே மாட்டீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பீர்கள். அதிலும் கண்டிப்பான ஒரு விதி உண்டு. அடுத்த மேசைக்காரர் என்ன சொல்வார் என்று இங்கே சொல்லக் கூடாது. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். பைக்குள் தன் மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாடு என்னவென்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்த கணவன்மார்களை அந்த மேசைகள் நிறையவே பார்த்திருக்கின்றன.

இனிச் சொல்லப்போவது அந்த மேசைகளில் எங்களுக்கே நேர்ந்த கதை.

தங்கள் மகள் கடல் தாண்டிக் குடியேறி ஆண்டுகள் ஆயின. தாங்கள் ஓய்வு பெற்றதும் இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று அவர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறையையே ஒழித்து வைத்திருந்தார். அந்த அறைக்கு வாடகைக்கு ஆள் காத்திருப்பதால், வருவதா இல்லையா என்று சீக்கிரம் சொல்லும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். தங்களைக் கேட்டால், "அவருக்கு எப்படித் தோணுதோ" என்பீர்கள். மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும் மாமாவைக் கேட்டால், "அவ சொல்றதுதான்" என்பார். இருவருமே பிடி கொடுக்கவில்லை.

அக்கா, தாங்கள் போக மாட்டீர்கள் என்று முடிவு செய்தது நாங்கள்தான். எங்களை விட்டுவிட்டு எப்படிப் போவீர்கள் என்ற மமதை. எங்கள் குடை அலமாரி அண்ணன் அந்த நாட்டுக் குளிரைப் பற்றிய செய்தியையெல்லாம் கத்தரித்து, டீ வைக்கும் அலமாரியில் தங்கள் கண்ணில் படும்படி ஒட்டினார். பதிவு மேசைத் தங்கை, வெளிநாட்டுக்குப் போன தன் சித்தி பேச ஆளில்லாமல் துணி துவைக்கும் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருப்பதாக ஒரு கதையைக் கட்டிவிட்டார். தங்களைக் கேட்காமலே மேலிடத்துக்குப் போய், வாரத்தில் சில நாள் ஆலோசகராகத் தாங்கள் வந்துபோக அனுமதியும் வாங்கினோம். பிரிவுப் பரிசாகப் பெரிய சாய்வு நாற்காலி ஒன்றையும் வாங்கினோம். எந்த விமானத்திலும் ஏறாத அளவுக்குப் பெரியதாகத் தேடிப் பிடித்து வாங்கியது அது.

கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் மாமா சாப்பாட்டோடு வந்தபோது, குடை அலமாரி அண்ணன் விளையாட்டாக, "இது ரெண்டு பேர் கேக்குற பொருள் கேஸ்தான், மேசையில உக்காருங்க" என்றார். தாங்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தீர்கள். மின்விசிறியைப் போட்டு, ஓய்வுக்குப் பிறகு எங்கே இருக்க ஆசை என்று இருவரையும் தனித்தனியே கேட்டோம். இரண்டு மேசையிலும் ஒரே பதில்தான் வரும், வந்ததும் கைதட்டலாம் என்று தயாராக நின்றோம்.

மாமா யோசிக்கவே இல்லை. இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். தெரிந்த தெரு, தெரிந்த டாக்டர், நடந்தே போகிற தூரத்தில் சதுரங்கம் ஆடும் நண்பர்கள். அங்கே போனால் ஒரு டீ குடிக்கப் போவதற்குக்கூட மாப்பிள்ளையிடம் வழி கேட்க வேண்டும் என்றார்.

இந்தப் பக்கம் தாங்கள் "அவருக்கு..." என்று தொடங்கினீர்கள். அடுத்த மேசையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று பதிவு மேசைத் தங்கை தங்கள் விதியைத் தங்களுக்கே நினைவூட்டினார். தாங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள், துடைத்தீர்கள், மறுபடி போட்டுக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"எனக்குப் போகணும். போன தடவை மக குடும்பத்தோட வந்தப்ப நான் எதிர்லயே உக்காந்திருக்கேன், பாட்டி எங்கடீன்னு கேட்டா பேத்தி போனைக் காட்டுது. நீங்கல்லாம் இவ்வளவு பாசமா இருக்கீங்க, இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் வாயைத் திறக்கல."

அன்பு அன்பு என்று சொல்லிக்கொண்டு, தங்கள் வழியை மறித்து நின்றவர்கள் நாங்கள்தான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. குளிர்ச் செய்திகளை அண்ணன் அன்றே சத்தமில்லாமல் கிழித்துப் போட்டார். சித்தி நன்றாகத்தான் இருக்கிறார் என்று தங்கையும் அசடு வழிய ஒப்புக்கொண்டார்.

ஆனால் பதில் இரண்டாகி, அது இருவருக்கும் தெரிந்தும் போனதே! பை என்றால் திறந்து பார்த்துத் தீர்த்துவிடலாம்; இதற்கு எதைத் திறப்பது? அதற்குப் பிறகு சில நாள் மாமா சாப்பாடு கொண்டுவரவில்லை. தாங்கள் கேன்டீனில் வாங்கி, பாதியை அப்படியே மூடி வைத்தீர்கள். ஒரு நாள் போனை வைத்துவிட்டு, மகளிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டதாக எங்களிடம் சொன்னீர்கள். அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போய் என்ன செய்வது என்றீர்கள். நாங்கள் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் அன்று எங்களில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை.

முந்தாநாள் தாங்கள் சாவிகளை ஒப்படைக்கத் தலைமை அலுவலகம் போயிருந்தபோது மாமா தனியாக வந்தார். உறவுக்காரர்போல உள்ளே வராமல், பொதுமக்களோடு வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும், மகளிடம் தானே பேசிவிட்டதாகவும், அந்த அறையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றும், இருவருமாகப் போவதாகவும் சொன்னார். இங்குள்ள வீட்டை வாடகைக்கு விடப் போவதில்லையாம். வெயில் காலத்தில் வந்து சில மாதம் இருந்துவிட்டுப் போவீர்களாம். எந்த எண் பேருந்தில் ஏறினால் எங்கே இறங்கலாம் என்று அந்த ஊர் வரைபடத்தை வைத்துப் படிக்கவும் தொடங்கிவிட்டார். இனி அவர் டீ குடிக்க யாரிடமும் வழி கேட்க மாட்டார்.

இதை வீட்டிலேயே தங்களிடம் சொல்லலாமே என்று கேட்டோம். எனக்காகத்தானே சொல்கிறீர்கள் என்று தாங்கள் சண்டைக்கு வருவீர்களாம்; பேச்சு வளர்ந்து பழையபடியே முடியுமாம். மேடையில் மடல் வாசிக்கும்போது மட்டும் தாங்கள் குறுக்கே பேச மாட்டீர்கள் என்று கண்டுபிடித்து, "அதுல எழுதிடுங்கய்யா" என்றார். எழுதிவிட்டோம். உட்கார்ந்தே கேட்க வேண்டும் என்று தொடக்கத்தில் கெஞ்சியதன் காரணம் இதுதான்.

அன்பின் ஆழியே! அடுத்தவர் பொருளை அவரவர் கையில் சேர்த்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த அருங்குணவதியே! தாங்களும் மாமாவும் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் நகைமுகம் மாறாமல் வாழ்க! பேத்தி தங்கள் மடியில் ஏறி, தங்கள் கண்ணாடியைப் பிடுங்கி, தங்களைப் பாடாய்ப் படுத்துக! சாய்வு நாற்காலி தங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும். வாரம் ஒருவர் போய்த் தூசு தட்டுவோம். வெயில் காலத்தில் வந்து அமருங்கள்.

மாமா இப்போது முதல் வரிசையில் தங்கள் அருகில்தான், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு நிஜமாகவே போக விருப்பமா மாமா என்று அன்று கடைசியாக ஒரு தடவை கேட்டோம். அதற்கு அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே தருகிறோம். மாற்றக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் மனம் வரவில்லை.

"அவ மனசு அங்க போயிட்டப்புறம் இந்த வீடே எனக்கு வெளிநாடு மாதிரிதான். அதுக்கு அந்த வெளிநாடே தேவலை."

தங்களை வழியனுப்ப மனமில்லாமலும், மனமார வழியனுப்பியும்,
குடை அலமாரி, பதிவு மேசை, பார்சல் அறை, வாயிற்காவல் முதலாகக்
காப்பகத்துப் பணியாளர்கள் அனைவரும்.