நாற்பது கார்டும் செத்த நாள்

— அப்ப அந்த நாற்பது நெட்வொர்க் கார்டும் செத்தது நான் கேபிளைப் பிடுங்கினதால இல்லைன்னு ஒத்துக்கறீங்களா மாப்ள?

— ஒத்துக்கறேன் மச்சான். தப்பு டிரைவர்ல. கார்டை இயக்க நான் எழுதின புரோகிராம்ல.

— ஆறு வருஷம் கழிச்சு, இந்த பிரிண்டர் ரிப்பேர் கடையைத் தேடி வந்து சொல்றீங்க. பார்த்து உக்காருங்க, ஸ்டூல்ல மை கொட்டியிருக்கு.

— நெட்வொர்க் கார்டுக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்குமே...

— எனக்கே பாடமா? கார்டுக்கு உயிரே அந்த சிப்புல இருக்கற புரோகிராம்தான். அது அழிஞ்சா வெறும் தகடு. நாற்பது தகட்டை ஒவ்வொண்ணா கழட்டி அடுக்கினவன் நான்.

— அந்த சிப்புல கார்டும் எழுதும், டிரைவரும் எழுதும். ஒண்ணு எழுதி முடிக்கற வரைக்கும் இன்னொண்ணு காத்திருக்கணும். என் டிரைவர் கொஞ்ச நேரம் பார்க்கும். முறை வரலைன்னாலும் உள்ள புகுந்து எழுதிடும். அதுலதான் சிப்புல இருந்தது அழிஞ்சுபோச்சு.

— அவசரக் குடுக்கை.

— இப்ப மாத்திட்டேன். முறை வரலைன்னா தொடாம திரும்பிடும். எழுதினதைத் திரும்பப் படிச்சு சரிபார்க்கும். ஒரு லட்சம் தடவை ஓட்டிப் பார்த்தோம், ஒரு கார்டுகூட சாகலை.

— அடேங்கப்பா. ஆபீஸ்ல கைதட்டினாங்களா?

— தட்டினாங்க.

— நல்லா இருங்க. இது எப்ப தெரியும் உங்களுக்கு?

— அது எதுக்கு இப்ப மச்சான்?

— வாயைத் திறங்க மாப்ள.

— கார்டு செத்த அன்னிக்கே.

— விசாரணைல என் பக்கத்து நாற்காலிலதானே உக்காந்திருந்தீங்க? தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தீங்களே!

— பயந்துட்டேன். அப்ப உங்க தங்கச்சி நிறைமாசம். வேலை போயிட்டா என்ன பண்றதுன்னு... நீங்களும் மறுபேச்சு பேசாம, தப்பு என்னோடதுதான்னு கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்க.

— போட்டேன். எனக்கு அதுக்கப்புறம் எந்தக் கம்பெனியோட சர்வர் ரூம் கதவும் திறக்கலை.

— கம்பெனிக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன் மச்சான். நாளைக்குக் குடுக்கறேன். என் வேலை போனாலும் போகட்டும்.

— ரொம்ப சந்தோஷம். என் ஆறு வருஷத்தையும் அந்தக் கவர்லயே வெச்சு ஒட்டுங்க.

— திட்டுங்க, வாங்கிக்கறேன். எனக்கு பயமெல்லாம் வீட்டை நினைச்சுதான். அண்ணன் ஏன் நம்ம வாசப்படி மிதிக்கறதில்லைன்னு அவ கேட்காத நாளில்லை. இன்னிக்கு உண்மையைச் சொல்லணும். கூடப் பொறந்தவனைப் பலி குடுத்தவன்கூடவா இத்தனை நாள் குடும்பம் நடத்தினேன்னு கேட்பா. தாங்கமாட்டா மச்சான்.

— தாங்குவா. அன்னிக்கு நீங்க போன்ல யார்கிட்டயோ என் டிரைவர்தான் காரணம்னு புலம்பினதைக் கேட்டுட்டு, அந்தக் கடிதத்தை டைப் பண்ணி எடுத்துட்டு வந்து என்கிட்ட கையெழுத்து வாங்கினதே அவதான்.