கரையைத் தாண்டாத விடை

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். அசதி இன்னும் போகவில்லை. மெதுவாகத்தான் சொல்வேன்.

மரக்காணம் உப்பளக் கரை புயலைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல முதலாளிகள் என்னை அழைத்திருந்தார்கள். கடல் முகத்துவாரம் வழியே உள்ளே வந்தால் தண்ணீர் எவ்வளவு உயரும்? உயரம் தெரிய, தண்ணீர் பாயும் வேகம் தெரிய வேண்டும். வேகம் தெரிய உயரம் தெரிய வேண்டும். இரண்டு சமன்பாடுகளும் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும், நேராக விடை தராது. ஓர் உயரத்தை உத்தேசமாக வைத்து வேகத்தைக் கண்டு, அதைக் கொண்டு உயரத்தைத் திருத்தி, மறுபடி வேகம். விடை அசையாமல் நிற்கும்வரை இப்படியே போக வேண்டும். என்னிடம் இருந்தது கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் இயந்திரம். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

விடை நிற்கவில்லை. ஒரு சுற்றில் எகிறும், அடுத்ததில் விழும். இதற்கு ஒரு வழி உண்டு. புதிய விடையை முழுதாக ஏற்காமல் அதன் பக்கம் கொஞ்சம் மட்டும் நகர்வது. எல்லோரும் செய்வதுதான். நான் அந்தக் கொஞ்சத்தையும் குறைத்துக்கொண்டே போனேன். உயரம் கரைக்குச் சற்றுக் கீழே இருந்தபோது, ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. விடை நின்றுவிட்டது, கரை தாங்கும் என்று சொல்லிவிட்டேன்.

அது நிற்கவில்லை, சார். நான்தான் நகரவிடவில்லை. விடை துளித்துளியாக மேலேதான் ஏறிக்கொண்டிருந்தது. கரையைத் தாண்டினால் தண்ணீர் பாத்திகளில் பரவும், சமன்பாடே மாறும், எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். எனக்குத் தெம்பில்லை.

ஐப்பசியில் உப்பெடுப்பு கிடையாது. உப்புக் குவியல்களுக்குக் காவலிருக்கும் குடும்பங்கள் மட்டும் கரைக்குக் கீழே குடிசைகளில் இருந்தன. ரேடியோவில் புயல் என்றதும் அந்தக் குடிசைகளிலிருந்து அந்தோணியம்மாள் வந்தாள்.

"சார், காத்து ஒரு மாதிரியா இருக்குது. புள்ளைங்கள இட்டுகினு மேட்டுக்குப் போயிடட்டுமா?"

"வேணாம்மா. கணக்குப் போட்டாச்சு. தண்ணி தாண்டாது."

"நீங்க சொன்னா சரிங்க சார்."

மற்ற குடிசைகளுக்கும் அவளே போய்ச் சொன்னாள். அவர்கள் மேடேறினால் ஏன் என்று முதலாளிகள் கேட்பார்கள். கணக்கை மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அதை நினைத்தாலே தலை சுற்றியது. கரைக்குக் கீழே இருந்தவர்களில் யாரும் மிஞ்சவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையைத் தாண்டியது கடல், நான் இல்லை.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அன்று சாயங்காலமே அதை மேட்டிலிருக்கும் பங்களாவுக்குக் கொண்டுபோய்விட்டேன். உப்புத் தண்ணீர் பட்டால் பல்சக்கரங்கள் துருப்பிடித்துவிடும். நல்ல கனம். அந்தோணியம்மாளின் புருஷன் சவரிமுத்துதான் தலையில் தூக்கி வந்தான். பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, "வர்றேங்க சார், புள்ளைங்க தனியா இருக்குதுங்க" என்றான்.

போய்ட்டு வாப்பா என்றேன்.