பத்து லாலாங்

– நீங்க படிச்சீங்க, அவரு எறிஞ்சாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

– கல்லெறியச் சொல்லி நான் படிக்கல இருசம்மா.

– ஆமா, பேப்பர்காரரு சுத்தம், என் வீட்டுக்காரருதான் பாவி. எங்க, சத்தமா சொல்லுங்க நல்லமுத்தண்ணே, லயம் முழுக்கக் கேக்கட்டும்.

– கொஞ்சம் மெதுவா பேசு தங்கச்சி.

– எதுக்கு மெதுவா? அன்னைக்கு ஞாயித்துக்கிழமை பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டு மெதுவாவா படிச்சீங்க? 'பத்து லாலாங் தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்ற முடிவு.' மூணு தடவ படிச்சீங்க. எழுத்தே தெரியாத எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு.

– அச்சுல அப்படித்தான் இருந்துச்சு.

– அச்சுல இருந்தது ஒரு தோட்டத்தோட பேரு. எங்கயோ வடக்க இருக்காம். லாலாங் புல்லு மண்டிப்போன பத்துத் தோட்டத்த மூடப்போறான், நம்ம தோட்டத்துலயும் இடுப்பு உசரம் லாலாங் நிக்குது, அப்ப நம்மளும் அந்தப் பத்துல ஒண்ணுன்னு சொன்னது யாரு?

– நாந்தான்.

– பத்துன்னா மலாய்க்காரங்க பேச்சுல கல்லு. பாசார்ல கருவாடு வாங்குற எனக்கே தெரியும்.

– வாயால சொன்னா எனக்கும் தெரியும். தமிழ் எழுத்துல பாத்தா, பத்து பத்தாத்தான தெரியுது.

– அந்தக் கல்லுதான் போய் ஆபீசுல கணக்கெழுதுற கிராணியார் நெத்தில விழுந்துச்சு.

– நெனச்சுப் பாக்காத நாளில்ல. எல்லாரும் ஆபீசுக்குத் தெரண்டு போனப்ப, அவரு வாசப்படில நின்னு, 'அது வேற தோட்டம், நான் சொல்லுறதைக் கேளுங்கோ'ன்னு கையத் தூக்குனாரு. யாழ்ப்பாணத்துக்காரரு, துரைக்குத்தான் பேசுவாருன்னு ஒருத்தரும் காது குடுக்கல.

– என் வீட்டுக்காரரு கல்ல எடுத்துட்டாரு. கிராணி செத்தாருன்னு எவனோ கத்துனதும் ரப்பர் மரத்துக்குள்ள ஓடுனவருதான். பதினெட்டு நாளாச்சு. மலாய்க்காரங்க இருக்குற கிளேபாங் காம்போங்ல பாத்தேன்னு மீன்காரரு சொன்னாரேன்னு நடந்தே போனேன். வேற யாரோ ஒரு மனுசன். இவரு கொலை பண்ணிட்டோம்னு எங்க ஒளிஞ்சு கெடக்குறாரோ. இங்க அந்த மனுசரு ஏழு தையலோட உக்காந்து காப்பி குடிக்கிறாரு.

– அவருகிட்டப் பேசுனியா?

– பேசாம எப்படி? 'நான் கேசு குடுக்கேல்ல பிள்ளை. செத்தும் போகேல்ல. அதைப் பேப்பருக்கு எழுதிப்போடச் சொல்லு, நல்லமுத்துதான் எழுதவேணும்'னாரு. காகிதமும் பேனாவும் அவரு குடுத்ததுதான். உக்காருங்க.

– உன்னை ஊருக்கு அனுப்புற கப்பல் என்னைக்கு?

– அடுத்த மாசம் மொத வாரம். புருசன் இல்லாதவளுக்கு எதுக்கு வீடுன்னு கங்காணி என் பேர ஏத்திட்டாரு. நீங்க படிச்சது யாருக்கும் பலிக்கல, எனக்கு மட்டும் பலிச்சிருச்சு.

– அழாத தங்கச்சி. எழுதுறேன்.

– நான் அழல. எழுதுங்க.

– 'பத்திராதிபர் அவர்களுக்கு, மலாக்கா குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் நல்லமுத்து எழுதிக்கொள்வது. தங்கள் பத்திரிகையில் வந்த ஒரு செய்தியை நான் தெரியாமல் தப்பாக வாசித்து...'

– ஏன் நிறுத்திட்டீங்க?

– 'தெரியாமல்'னு ஒரு வார்த்த வந்திருச்சு. அத அடிச்சிரட்டுமா?

– எதுக்கு அடிக்கணும்? தெரியாமத்தான படிச்சீங்க. கோவத்துல நான் ஆயிரம் பேசுவேன், வேணும்னு செஞ்சீங்கன்னு ஒரு நாளும் சொல்லல அண்ணே.

– திங்கக்கிழமை மத்தியானம் பால் எடை போட்டுட்டு வந்து மறுபடி எடுத்துப் படிச்சேன். கீழ சின்ன எழுத்துல, 'பத்து லாலாங் தோட்டத்துத் துரை சீமைக்குப் போயிருக்கிறார்'னு இருந்துச்சு. பத்துத் தோட்டத்துக்கும் ஒரே துரையான்னு அப்பத்தான் உறைச்சுது.

– திங்கக்கிழமையா?

– ஆமா.

– கல்லு விழுந்தது செவ்வாக்கிழமை.

– ஆமா.

– திங்கக்கிழமை சாயங்காலம் உங்களுக்குத் தோசை கொண்டாந்து குடுத்தேனே.

– அப்பத்தான் சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன். உன் வீட்டுக்காரன் மாயாண்டி என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நீங்க இல்லன்னா நாங்க குருடுங்க, வாத்தியாரே'ன்னான். அதுக்கு முன்னால என்னை ஒருத்தரும் வாத்தியாரேன்னு கூப்பிட்டதில்ல. காலைல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். காலைல எல்லாரும் ஆபீசு வாசல்ல நிக்கிறாங்க. நானும் போய் நின்னேன், பேசாம.

– எங்க வீட்டுத் தோசையத் தின்னுட்டு.

– ஆமா.

– செத்தாருன்னு கத்துனதும் நீங்கதானா?

– அது நான் இல்ல. சத்தியமா இல்ல.

– உங்க சத்தியத்த வச்சு நான் என்ன பண்றது? அந்த வார்த்தைய அடிங்க.

– அடிச்சிட்டேன்.

– மிச்சத்தையும் எழுதுங்க. எழுதிட்டு வாய்விட்டுப் படிங்க. மெதுவா, ஒரு எழுத்து விடாம.

– '...தப்பாக வாசித்துக் காட்டினேன். தப்பென்று மறுநாளே தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதை நம்பிக் கல்லெறிந்த மாயாண்டி, கிராணியார் இறந்துவிட்டதாக எண்ணி ஓடிவிட்டார். கிராணியார் சுகமாக இருக்கிறார். வழக்கு எதுவும் இல்லை. மாயாண்டிக்கு எழுத்துத் தெரியாது. இதை வாசிக்கும் ஐயாமாரே, உங்கள் தோட்டத்திலும் கடையிலும் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுபவர் நீங்கள்தானே. முதலில் உங்களுக்குள் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிறகு உரக்க வாசியுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில், இடது கட்டைவிரலில் நகம் இல்லாத ஒருவர் பாதியில் எழுந்து போனால், அவர்தான் மாயாண்டி, பின்னாலேயே போய்ப் பேசுங்கள். பேசிவிட்டு, அடுத்த மாதக் கப்பலுக்கு முன்னால் அவர் மனைவி இருசம்மாளுக்கு இரண்டு வரி பதில் எழுதுங்கள். என் பேருக்கு எழுத வேண்டாம். கிராணியார் பேருக்கு எழுதுங்கள், அவர் அவளுக்குச் சரியாக வாசித்துச் சொல்வார்.'