ரெண்டு கார்புரேட்டரும் கழட்டுன கதை

உக்காருங்க மாப்ளே. அட, அந்த டயர் மேலதான் உக்காருங்க, இன்னா இப்போ. ஹெப்பகோடியிலேர்ந்து பொண்டாட்டியக் கூட்டிக்கினு போக வந்தவரு நின்னுக்கினே இருந்தா ஆஸ்டின் டவுனே என்னப் பாத்து சிரிக்கும்.

மித்ராவா? வருவா, வருவா. அவங்கம்மாகூட வெளிய போயிருக்கா. அதுக்குள்ள வண்டியப் பாத்துடறேன். கல்யாணத்துக்கு நான் குடுத்த வண்டியாச்சே. பழசுதான், இல்லன்னு சொல்லல.

போன வாட்டி உங்கம்மா வந்து இன்னா சொன்னாங்க? மூக்க இப்படித் தூக்கிக்கினு, சம்பந்தீ, இந்தக் கலீஜு வண்டி நடுரோட்ல நின்னு எம்பையன் மானத்த வாங்குது, கார்புரேட்டராம் கார்புரேட்டரு, புதுசா ஒண்ணு எடுத்துக் குடுங்களேன். அப்படியே கீதா? சிரிங்க மாப்ளே, உங்கம்மாதானே.

சரி, இப்போ பாருங்க. ரெண்டு சிலிண்டரு, ஆளுக்கொரு கார்புரேட்டரு. ஒண்ணு அடைச்சிக்கிச்சின்னா அந்தப் பக்கத்து சைலன்சரு சில்லுன்னு கெடக்கும். நீங்க வந்து எறங்குன ஒடனே தண்ணி தெளிச்சேனே, பாத்தீங்களா? இந்தப் பக்கம் சொய்ங்ங். அந்தப் பக்கமும் சொய்ங்ங். தோசைக்கல்லு தோத்துது.

அப்புறம் எதுக்குக் கழட்டுனீங்கன்றீங்களா? கார்புரேட்டரு அடைப்புன்னு மாப்ள சொல்லிட்டாரு, தொறந்து பாக்காம வுடலாமா?

இந்தாங்க, இது அடிக்கிண்ணம், பெட்ரோல் நிக்கிற எடம். வெரல வுட்டுப் பாருங்க. தண்ணி கீதா? துரு? ஒரு பொட்டு மண்ணு? இது ஜெட்டு. ஊசி மொனை ஓட்ட, இது அடைச்சாத்தான் வண்டி நிக்கும். பக்கத்து வூட்டு டெஸ்மண்டுகிட்ட அறுந்த கிட்டாரு கம்பி வாங்கி வெச்சிருக்கேன், குத்தி எடுக்க. கம்பிக்கு வேலையே இல்ல. வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. ஓட்டையில வெளிச்சம் தெரியுதா இல்லியா? வாயத் தொறந்து சொல்லுங்க மாப்ளே!

தெரியுது இல்ல? இன்னொண்ணும் அப்படித்தான். பளிங்கு.

அப்போ வெள்ளிக்கெழம அத்திபெலே ரோட்ல வண்டி நிக்கவேயில்ல. நின்னாத்தானே எம்பொண்ணு தள்ளணும்? தள்ளுனாத்தானே கை வழுக்கி சைலன்சர்ல படணும்? பஸ்ல வந்து எறங்கி, அப்படித்தான் சொன்னா அவங்கம்மாகிட்ட. புருசன வுட்டுக் குடுக்காம. ஒரு கை சுட்டதும் இன்னொரு கையையும் கொண்டு போயி வெப்பாளா யாராச்சும்? ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சி கெடக்குது. சோறு நான் ஊட்டுறேன். ஊட்டுறப்போ உங்கம்மா மாதிரி பேசிக் காமிச்சேன். எவ்ளோ அழுதுக்கினு இருந்தாலும் அதுக்கு மட்டும் சிரிச்சிடுவா. சிரிக்கல.

இன்னா எழுந்துட்ட? உக்காருடா. நீங்க வாங்கன்னது எல்லாம் முடிஞ்சி போச்சி.

நேத்து நெசத்த சொல்லிட்டா. புது வண்டி வாங்கிக்கினு வான்னு, ஓடி நின்ன சூட்டோட சைலன்சர்ல அவ ரெண்டு கையையும் புடிச்சி அழுத்துனியே, அத. கார்புரேட்டராம். இந்தக் கார்புரேட்டரு உனக்கு இன்னா பாவம் பண்ணிச்சி? அது ஒழுங்கா வேல செஞ்சிக்கினு கீது!

உள்ள எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கற? அவ ஸ்டேஷன்ல கீறா. பேனா புடிக்க முடியாது, அவ சொல்லச் சொல்ல போலீஸம்மா எழுதிக்கினு கீறாங்க. அவங்கம்மா மரகதம் கூடவே கீறா. முடிஞ்சதும் ஜீப்புல இங்கதான் வராங்க. அதுவரைக்கும் உன்ன ஒக்கார வெக்கணும், அவ்ளோதான் என் வேல.

ஒரு கார்புரேட்டரக் கழட்டுனா போதும்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் பாத்தேன், நீ ஒத்த சிலிண்டர்லயே ஓட்டிக்கினு பூடுவ.