இரண்டு தூளும் ஒரு துளியும்

அருந்ததி: எனக்குக் காய்ச்சலாம். உங்களுக்குத் தெரியுமோ?

தில்லைநாதன்: காய்ச்சலோ... ஆர் சொன்னது?

அருந்ததி: பிறிஜெற். கொம்பனியிலயிருந்து போன் எடுத்து, "மிஸ் அருந்ததி, காய்ச்சல் இப்ப எப்பிடி?" எண்டு கேட்டவ.

தில்லைநாதன்: ஆரையோ மாறிக் கேட்டிருப்பா. உம்மட கொம்பனிப் பக்கம், கிராண்ட்பாஸ் முழுக்கக் காய்ச்சலாமே...

அருந்ததி: கிராண்ட்பாஸ் காய்ச்சல் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்ததோ?

தில்லைநாதன்: அருந்து, எண்ணெய் கொதிக்குது பாரும்!

அருந்ததி: கொதிக்கேல்லை. இப்பத்தான் நூறு. நெருப்பைக் குறையுங்கோ. கதையை மாத்த மட்டும் நல்லாத் தெரியும்.

தில்லைநாதன்: கலியாணம் கட்டி எட்டு மாசத்தில இண்டைக்குத்தான் அடுப்பில எண்ணெய்ச்சட்டி. வடை எண்டு நம்பி வந்தன். எட்டிப் பாத்தா தேமாமீற்றர் நீந்துது.

அருந்ததி: அதோட நூலால கட்டின கண்ணாடிக் குழாயைப் பாருங்கோ. அடியில துளியூண்டு வெள்ளைத் தூள். என்ர வேலை அதிலதான் தொங்குது.

தில்லைநாதன்: இன்னொருக்காச் சொல்லும். கணக்கு வாத்திக்கு விளங்கிற மாதிரி.

அருந்ததி: உள்ளுக்கு ரெண்டு தூள். ஒண்டு வலிப்பு மருந்து, மற்றது விற்றமின். மருந்தைத் தனிய விட்டா இந்தக் கடல்காத்து ஈரத்தில கெட்டுப்போகும். ரெண்டும் கைகோத்து ஒரே பளிங்காச் சேந்திட்டா ஈரம் கிட்ட வராது.

தில்லைநாதன்: சம்பந்தம் பேசுறீர்.

அருந்ததி: முதலாளி பேசுற சம்பந்தம் வேற. பீப்பா பீப்பாவா ஸ்பிரிட் ஊத்தி, ரெண்டையும் கரைச்சு, காய்ச்சி ஆவியாக்கி... மிச்சம் வாய்க்காலுக்குள்ள. போன கிழமை பீப்பா ஊத்திற ராக்கம்மா அந்த மணத்தில மயங்கி விழுந்திட்டா. அதுதான் கேட்டன், கரைக்காமல் அரைச்சே சேர்ப்பம் எண்டு.

தில்லைநாதன்: அவர் என்ன சொன்னவர்?

அருந்ததி: சொன்னனான்தானே! மெஷின் தரேல்லை, மூண்டு நாள் லீவுதான் தந்தவர். வெள்ளிக்கிழமைக்கிடையில அரைச்ச தூள் மேசையில இருக்கவேணும். இல்லாட்டி ஸ்பிரிட் பீப்பா வாங்கக் கையெழுத்து வைச்சிடுவாராம்.

தில்லைநாதன்: ம்... நேற்று வெள்ளி...

அருந்ததி: நான் தந்துவிட்ட தூள் போத்தலை அவரின்ர கையில குடுத்தனீங்கள்தானே?

தில்லைநாதன்: ...கிராண்ட்பாஸுக்குப் போனனான். அவரைக் கண்டனான். வெயில் எண்டா வெயில்!

அருந்ததி: விடியக்காலமை ஒரு கனவு கண்டன். கொம்பனிக்குச் சுவரே இல்லை. நாலு பக்கமும் கடல். நடுவில பெரிய உருளை ஒண்டு மெல்ல மெல்லச் சுத்துது. உள்ளுக்குத் தூளும் குண்டும். அந்தச் சத்தம்... அலை கூழாங்கல்லை இழுத்துக்கொண்டு போற மாதிரி. ஒரு மணமும் இல்லை. ராக்கம்மா முகத்துணியைக் கழட்டிப்போட்டுப் பாட்டுப் பாடுறா...

தில்லைநாதன்: மெல்லக் கதையும்! சன்னலடியில நிண்டுகொண்டு குண்டு, குண்டு எண்டு...

அருந்ததி: அரைக்கிற குண்டப்பா! இரும்பு உருண்டை!

தில்லைநாதன்: கீழ்வீட்டுக்காரருக்கு அது தெரியுமே? இந்தக் காலத்தில ஆளைப் பிடிச்சு அடைக்க ஒரு சொல் காணும், அருந்து. எனக்குத் தெரியும்.

அருந்ததி: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

தில்லைநாதன்: பொதுவாச் சொன்னன்...

அருந்ததி: நூற்றிருபது! கண் வெட்டாதேங்கோ. விற்றமின் உருகிறது நூற்றிருபத்தெட்டில. ரெண்டும் சேராட்டி அந்த இடத்திலயே கசியத் தொடங்கும். நேற்றுவரைக்கும் அப்பிடித்தான்...

தில்லைநாதன்: நேற்றுவரைக்குமோ? அப்ப நேற்று என்னட்டைத் தந்துவிட்டது?

அருந்ததி: தேமாமீற்றரைப் பாருங்கோ எண்டன்!

தில்லைநாதன்: பாக்கிறன், பாக்கிறன். இண்டைக்கு என்ன புதுசு?

அருந்ததி: ஒரு துளி ஸ்பிரிட். ஸஹாப்தீன் நானாவின்ர பாமசியில வாங்கினது. மூண்டு நாளாக் காய அரைச்சுக் கைதான் வீங்கினது. இண்டைக்கு ஒரு துளி விட்டன்... உரலுக்குள்ள தூள் ஒருக்கா மூச்செடுத்த மாதிரி இருந்தது. பீப்பா இல்லை. ஒரேயொரு துளி.

தில்லைநாதன்: ஐயோ, தண்டவாளம் அதிருது, றெயின் வருது! சட்டியைப் பிடியும்!

அருந்ததி: விடுங்கோ... எண்ணெயைப் பாருங்கோ. வளையம் வளையமா விரியுது. வெயிலும் அதுக்குள்ள இறங்கி ஆடுது. வடிவா இருக்கு என்ன?

தில்லைநாதன்: நூற்றி முப்பது.

அருந்ததி: உருகேல்லையோ?

தில்லைநாதன்: இல்லை. அப்பிடியே நிக்குது.

அருந்ததி: பொய் சொல்லாதேங்கோ.

தில்லைநாதன்: நீரே பாரும்! நூற்றி நாப்பது... கல்லு மாதிரி நிக்குது.

அருந்ததி: மருந்து தனிய எண்டா நூற்றித் தொண்ணூறில உருகும். சேந்திருந்தா ரெண்டுக்கும் நடுவில, ஒரேயடியா...

தில்லைநாதன்: நூற்றைம்பது. ஏன் என்ர கையை நெரிக்கிறீர்?

அருந்ததி: கதைக்காதேங்கோ.

தில்லைநாதன்: நூற்றைம்பத்தைஞ்சு... ஆறு... அருந்து! அந்தா!

அருந்ததி: எத்தினை? எத்தினை?

தில்லைநாதன்: நூற்றைம்பத்தேழு! முழுக்கத் தண்ணியாப் போட்டுது! கண்ணீர் மாதிரித் தெளிவா...

அருந்ததி: சேந்திட்டுது... என்ர கடவுளே, சேந்திட்டுது.

தில்லைநாதன்: அழாதேயும். உரலில கிடக்கிற மிச்சத்தை வடிவாப் போத்தலில அடையும். திங்கள் காலமை மேசையில வைச்சாக் காணும் எண்டு அவர்...

அருந்ததி: திங்களோ?

தில்லைநாதன்: பொறும், நெருப்பை நிப்பாட்டிறன்.

அருந்ததி: கெடு வெள்ளி. திங்களாக்கினது ஆர்? எனக்குக் காய்ச்சல் வந்ததும் அப்பிடித்தானோ?

தில்லைநாதன்: அருந்து... அந்தப் போத்தல் கிராண்ட்பாஸுக்குப் போகேல்லை.

அருந்ததி: எங்க போனது?

தில்லைநாதன்: கொள்ளுப்பிட்டி செக்பொயின்ற்றில ஆமிக்காரர் பஸ்ஸை நிப்பாட்டி இறக்கினவங்கள். ஒருத்தன் போத்தலைத் தூக்கி, "மே மொனவத?" எண்டு கேட்டான். என்ன இது எண்டு கேக்கிறான், விளங்கினது. நானும் நிமிர்ந்து நிண்டு மரியாதையாச் சொன்னன், "குடு, மாத்தயா."

அருந்ததி: என்ன? குடுவோ!

தில்லைநாதன்: தூளுக்குச் சிங்களம் குடுதானே! "முப்பது நாளில சிங்களம்", பன்னிரண்டாம் பக்கம்!

அருந்ததி: கொழும்புத் தெருவில குடு எண்டா போதைத்தூளப்பா! ஐயோ... அடிச்சவங்களோ?

தில்லைநாதன்: இல்லை. மூண்டு மணித்தியாலம் முட்டுக்காலில. யாழ்ப்பாணத்து ஐடி, கையில வெள்ளைத் தூள், வாயில குடு. உம்மைத் திரும்பக் காணமாட்டன் எண்டுதான் நினைச்சன். பேந்து ஒரு பெரியவன் வந்தான். விரலால தொட்டு நாக்கில வைச்சான். விழுந்து விழுந்து சிரிச்சான். போத்தலை மேசையில கவிட்டுக் கொட்டிப்போட்டு "யன்ன", போ எண்டான்.

அருந்ததி: ஏன் எனக்குச் சொல்லேல்லை?

தில்லைநாதன்: மூண்டு நாள் அரைச்ச கையைப் பாத்தன். வாய் வரேல்லை. நேர முதலாளியிட்டைப் போய், மனுசிக்குக் காய்ச்சல், திங்கள் தாறம் எண்டன். ஆனா ஒண்டு மட்டும் விளங்கேல்லை. அந்த மருந்து நாக்கில பட்டாக் கைக்கும் எண்டு நீர்தானே சொன்னனீர்? அவன் ஏன் அருந்து சிரிச்சவன்?

அருந்ததி: ...நேற்றுத் தந்துவிட என்னட்டை மருந்தே இல்லை. எல்லாம் பிழைச்சு, ஒரு பிடிதான் மிச்சம். அதை இண்டைக்கு அரைக்கவெண்டு ஒளிச்சு வைச்சன். திங்கள் நான் போய் மாத்துமட்டும் மேசையில ஒரு போத்தல் இருந்தாக் காணும் எண்டு... நீங்கள் கொண்டுபோனது கேக்குக்குப் பூசுற ஐசிங் சீனியப்பா.