கூலின்னா இன்னா?

— ஏட்டையா, சும்மா நின்னுகினு இருந்த ஆளையா அடிச்சேன்? ஐஸ் தூக்கிகினு போறேன், குறுக்க வந்து என் மூஞ்சிக்கு நேரா கூலின்றான்!

— அதுக்காவ? எழுவது வயசு பெரியவரு கன்னத்துல உட்ருவியா ரகுபதி? பல்செட்டு எகிறி மீன் கூடைல வியுந்துச்சாமே?

— நாந்தான் பொறுக்கி கயுவிக் குடுத்தேன்.

— அரே! பெரிய தர்மபிரபு! ஏம்மா, நீ யாரு?

— சினேகா சார். கைடு. அவருக்குக் காசிமேடு சுத்திக் காட்ட நான்தான் கூட்டிட்டு வந்தேன். டாக்டர் பாத்துட்டார், ஒண்ணும் இல்ல. வெளியில வேன்ல உக்காந்திருக்கார்.

— எந்தூரு ஆளும்மா?

— டர்பன் சார். தென்னாப்பிரிக்கா.

— டூப்பு வுடாதம்மா! நம்ம கலரு, நம்ம மூக்கு. அத்தான் ஏட்டையா எனக்குக் காண்டாச்சு. தொப்பிய மாட்டிகினு வந்து, அவன் மாரைத் தொடறான், என் மாரைத் தொடறான், கூலி கூலின்றான்!

— அதான் அண்ணா விஷயமே. முதல்ல தன்னைத்தான் தொட்டார். அவரோட கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்லதான் கப்பல் ஏறினார், அங்க கரும்பு வெட்ட. பழைய காகிதத்துல அவர் பேருக்குப் பக்கத்துல கூலின்னு எழுதியிருக்கு. இவருக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ் வார்த்தை அதுதான். நீயும் நானும் ஒண்ணுன்னு சொல்ல வந்தார்.

— ஐயே! பேஜாராப் பூட்ச்சே!

— இரும்மா. அது தமிழா? எங்க மச்சான் துருக்கி வார்த்தைன்றான். அடிமைன்னு அர்த்தமாம்.

— அப்படியும் சொல்றாங்க சார். குஜராத்ல கோலின்னு ஒரு சாதி, அதுலருந்து வந்துச்சுன்னும் சொல்றாங்க.

— இன்னாத்துக்கு ஏட்டையா துருக்கி வரைக்கும் போற? மூட்டை தூக்கறேன்ல, சாய்ங்காலம் கைல குடுக்கறான்ல, அது கூலி. நான் ரகுபதி. கூலி வாங்கறவன் நானு, கூலி நான் இல்ல. வெள்ளைக்காரன் அரைகுறையா காதுல வாங்கிகினு, துட்டு பேரை ஆளுக்கு வெச்சிட்டான், கயிதே!

— வாய மூடு. ஏம்மா, பெரியவரு கம்ப்ளெய்ன்ட் குடுப்பாரா?

— மாட்டாராம் சார். அவங்க ஊர்ல வெள்ளைக்காரன் சொன்னா அது கெட்ட வார்த்தை. பள்ளிக்கூடத்துல தன்னை அப்படிக் கூப்பிட்ட வெள்ளைக்காரப் பையனை இவரும் அறைஞ்சிருக்காராம். அண்ணன் அடிச்சது சரிதான்னு சிரிச்சிட்டிருக்கார்.

— பாத்தியா ஏட்டையா? ஒரே ரத்தம்! எம்மா, அவரை வூட்டுக்கு இட்டுகினு வா. எம்பொண்டாட்டி மங்கம்மா கையால வஞ்சிரம் வறுத்துத் தரச் சொல்றேன்.

— மொதல்ல போய் மன்னிப்புக் கேளுடா.

— கேக்கறேன் ஏட்டையா, கால்ல வேணாலும் வியறேன். அதுக்கு மின்னாடி நீ போய் சொல்லும்மா, கூலின்னா அடிமை இல்ல, வேலைக்குக் குடுக்கற துட்டுன்னு. மனுசன் சந்தோசப்படுவாரு.

— சரி அண்ணா, சொல்லிட்டு வரேன்.

— ஏட்டையா, கன்னத்து வலியோட வஞ்சிரம் துன்ன முடியுமா அவரால?

— கஞ்சி குடு. தோ, வந்துட்டா பாரு.

— இன்னாம்மா, சிரிச்சிகினு போனவ இப்டி வர? சொன்னியா? இன்னான்றாரு?

— ஒண்ணே ஒண்ணு கேட்டார் அண்ணா. 'அப்ப, என் கொள்ளுத்தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் குடுக்காததையா அவருக்குப் பேரா வெச்சாங்க?'ன்னு.